கோப்பைச் சேமிக்கும்போது 'பெர்மிஷன் டினைட்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் வெகுநேரம் ஓடி எல்லாவற்றையும் கணக்கிட்டு முடித்திருக்கும். கடைசியில் சிஎஸ்வி கோப்பை எழுதப் போகும்போது அனுமதி இல்லை என்று நின்றுவிடும். இதற்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்' என்றோ '777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் லினக்ஸ் அனுமதி எண்) கொடுங்கள்' என்றோ முடிந்துவிடுகின்றன. இரண்டுமே காரணத்தைத் தொடுவதில்லை. பல நேரம் அடுத்த பிழைக்கு விதை போட்டுவிட்டுப் போகின்றன. எழுதுவது யார், எந்த இடத்தில், தடுப்பது எது என்று கண்டுபிடித்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரு வரிதான்.

பிழை வந்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அனுமதிகளைத் தொடுவதற்கு முன், நிரல் உண்மையில் எந்த முழுப் பாதையில் எழுதப் பார்க்கிறது என்பதை அச்சிட்டுப் பாருங்கள். 'முடிவு.சிஎஸ்வி' என்று வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், அது நிரல் இருக்கும் ஃபோல்டரில் போய் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கேதான் விழும். பைத்தானில் ஓஎஸ்.பாத்.ஆப்ஸ்பாத் முழுப் பாதையைக் காட்டும், ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி நடப்பு ஃபோல்டரைக் காட்டும்.

அடுத்து, நிரல் எந்தப் பயனராக ஓடுகிறது? லினக்ஸிலும் மேக்கிலும் ஓஎஸ்.கெட்இயூஐடி தரும் எண்ணை நம்புங்கள். கெட்பாஸ்.கெட்யூசர் முதலில் சூழல் மாறிகளை (இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் அமைப்பு மதிப்புகள்) பார்த்துப் பெயர் சொல்வதால், அது தரும் பெயரும் உண்மையில் ஓடும் பயனரும் வேறாக இருக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் பயனர் பெயர் நெடுவரிசை இருக்கிறது.

மூன்றாவது, பிழை எண்.

அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன?

லினக்ஸில் 13 என்றால் வழக்கமான அனுமதித் தடை: கோப்பிலோ, அதற்கு மேலுள்ள ஏதோ ஒரு ஃபோல்டரிலோ உங்களுக்கு உரிமை இல்லை. 1 என்றால் 'இந்தச் செயலே கூடாது' என்கிறது இயங்குதளம். பூட்டப்பட்ட கோப்பு, மேக்கின் தனியுரிமைக் காவல் போன்றவை இந்த வகை. இங்கே சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) போட்டுப் பயனில்லை. 30 என்றால் அந்த வட்டே படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது இணைக்கப்பட்டிருக்கிறது. 28 வட்டில் இடமில்லை. 2 என்பது பாதையே இல்லை. நடுவில் ஒரு ஃபோல்டரை உருவாக்க மறந்திருப்பீர்கள்.

விண்டோஸில் பார்க்க வேண்டியவை 5, 32 என்ற இரண்டு எண்கள். 5 என்றால் உரிமை இல்லை. 32 என்றால் உரிமை இருக்கிறது, ஆனால் வேறொரு நிரல் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பைத்தானின் ஓப்பன் செயற்கூறு இந்த இரண்டையும் ஒரே 13 ஆக மாற்றித்தான் காட்டும். ஓஎஸ்.ரினேம், ஓஎஸ்.ரிமூவ் ஆகியவை மட்டும் 'வின்எரர் 5', 'வின்எரர் 32' என்று பிரித்துச் சொல்லும். ஆகவே விண்டோஸில் ஓப்பன் 13 கொடுத்தால், அது அனுமதிப் பிரச்சினை என்று அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நேற்று வரை எழுதிய அதே கோப்பில் இன்று எழுத முடியவில்லை. ஏன்?

விண்டோஸ் என்றால் முதலில் எக்செல்லை மூடுங்கள். எக்செல் ஒரு கோப்பைத் திறந்தவுடன் மற்ற நிரல்கள் எழுத முடியாதபடி பூட்டிவிடும், நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. சிஎஸ்வி எழுதும் நிரல்களுக்கு வரும் 13-இல் பெரும்பங்கு இதுதான்.

எக்செல் மூடியும் தொடர்ந்தால், பிடித்திருப்பது யாரென்று பாருங்கள். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பகுதியில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் கட்டத்தில் கோப்பின் பெயரை அடித்தால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் தெரியும். பவர்டாய்ஸ் (மைக்ரோசாஃப்டின் கருவித் தொகுப்பு) நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கி 'ஃபைல் லாக்ஸ்மித்' பார்க்கலாம். பல நேரம் குற்றவாளி உங்கள் நிரலின் பழைய பிரதியே. பாதியில் நின்று, பின்னணியில் உயிரோடு இருக்கும். கோப்பைத் திறந்துவிட்டு மூட மறந்த நோட்புக் கெர்னலும் (நோட்புக்கைப் பின்னணியில் ஓட்டும் பைத்தான்) அப்படித்தான். பைத்தானில் எப்போதும் 'வித்' கட்டமைப்புக்குள் திறந்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு மென்பொருள்களும் வைரஸ் தடுப்பானும் புதிதாக எழுதிய கோப்பைச் சில நொடி பிடித்துப் பார்க்கும். எழுதியவுடன் பெயர் மாற்றினால் எப்போதாவது ஒருமுறை மட்டும் 5 அல்லது 32 வருவதற்குக் காரணம் இதுவே. அரை நொடி இடைவெளியில் நாலைந்து முறை மறுபடி முயலும்படி எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதைவிட நல்ல வழி, அடிக்கடி எழுதும் தரவை ஒத்திசைவு ஃபோல்டருக்கு வெளியே வைப்பது.

எதுவும் திறந்திருக்கவில்லை, உரிமையும் இருக்கிறது, ஆனாலும் 13 வருகிறது.

கொடுத்த பாதை கோப்பா ஃபோல்டரா என்று பாருங்கள். 'தரவு' என்ற பெயரில் ஃபோல்டர் இருக்கும்போது அதே பெயரை எழுதுவதற்காகத் திறந்தால் விண்டோஸில் 13 வரும். லினக்ஸ் 21 தந்து 'இது ஃபோல்டர்' என்று நேராகச் சொல்லிவிடும். சேமிக்கும் உரையாடல் பெட்டியில் கோப்புப் பெயரைச் சேர்க்காமல் ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்ட நிரல்களில் இது சகஜம்.

கோப்பின் பண்புகளில் 'ரீட் ஒன்லி' குறி இருந்தாலும் இப்படி வரும். 'அட்ரிப் -ஆர்' என்று கொடுத்து அதன்பின் கோப்பின் பெயரை எழுதினால் குறி நீங்கும். ஃபோல்டரின் பண்புகளில் தெரியும் 'ரீட் ஒன்லி' கட்டத்தை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். விண்டோஸில் அது எழுதுவதைத் தடுப்பதில்லை.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் ஏன் எழுத விடுவதில்லை?

விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே அது நிரல்களுக்கான இடம், தரவுக்கானது அல்ல. சாதாரணப் பயனர் அங்கே படிக்கலாம், ஓட்டலாம், எழுத முடியாது. நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருந்தாலும், சாதாரணமாகத் திறந்த நிரல் குறைந்த உரிமையோடுதான் ஓடும்.

சி டிரைவின் உச்சியிலும் இதே போன்ற ஒரு வினோதம் உண்டு. அங்கே சாதாரணப் பயனர் புது ஃபோல்டர் உருவாக்கலாம், ஆனால் நேரடியாகக் கோப்பு உருவாக்க முடியாது.

பிழையே வரவில்லை, ஆனால் சேமித்த கோப்பு அந்த இடத்தில் இல்லை.

பழைய 32-பிட் நிரலா? உரிமை அறிவிப்பு இல்லாத அப்படிப்பட்ட நிரல் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல் சத்தமில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடும். பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்று தேடுங்கள். அந்த நிரலுக்கு மட்டும் கோப்பு பழைய இடத்திலேயே இருப்பதுபோலத் தெரியும், எக்ஸ்ப்ளோரருக்குத் தெரியாது. ஒரே கணினியில் இரண்டு பயனர்களுக்கு வெவ்வேறு தரவு தெரிகிறது என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

அப்படியென்றால் நிரல் தன் தரவை எங்கே வைக்க வேண்டும்?

பயனர் தானே திறந்து பார்க்கப் போகும் கோப்பு என்றால் 'டாக்குமெண்ட்ஸ்', அல்லது அவரே தேர்ந்தெடுக்கும் இடம். நிரலின் உள் தரவு என்றால் விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் அல்லது ரோமிங். மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்'. லினக்ஸில் ஹோமுக்குள், அதாவது பயனரின் சொந்த ஃபோல்டருக்குள், '.லோக்கல்/ஷேர்'. லினக்ஸில் எக்ஸ்டிஜி_டேட்டா_ஹோம் என்ற சூழல் மாறி இருந்தால் அது சொல்லும் இடத்தையே மதிக்க வேண்டும். பைத்தானில் 'பிளாட்ஃபார்ம்டிர்ஸ்' நூலகம் மூன்று இயங்குதளங்களுக்கும் சரியான பாதையைத் தந்துவிடும். நீங்களே பாதையை ஒட்டவைக்க வேண்டியதில்லை.

எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தரவுக்கு விண்டோஸில் 'புரோகிராம்டேட்டா' இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பொறி: ஒரு பயனர் உருவாக்கிய கோப்பை இன்னொரு சாதாரணப் பயனர் இயல்பாக மாற்ற முடியாது. நிறுவும் நேரத்திலேயே, உயர் உரிமையோடு, உங்கள் துணை ஃபோல்டருக்கு 'யூசர்ஸ்' குழுவுக்கு மாற்றும் உரிமையைக் கொடுத்துவிட வேண்டும்.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது. நேரம் குறித்து ஓடவிட்டால் தோற்கிறது.

இரண்டு விஷயங்கள் மாறியிருக்கும்: நடப்பு ஃபோல்டர், பயனர்.

விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டால் நடப்பு ஃபோல்டர் 'சிஸ்டம்32' ஆகிவிடும். வெறும் பெயரில் கோப்பு எழுதும் நிரல் அங்கே எழுதப் போய் அடி வாங்கும். அந்தக் கட்டத்தில் ஃபோல்டரின் பாதையை எழுதுங்கள், மேற்கோள் குறி இல்லாமல். லினக்ஸில் நேரம் குறித்து நிரலை ஓட்டும் கிரான், பயனரின் ஹோமிலிருந்து தொடங்கும். லினக்ஸில் சிஸ்டம்டி நடத்தும் பின்னணிச் சேவைகள், வேறு சொல்லாவிட்டால், வட்டின் வேரிலிருந்து தொடங்கும். எங்கே ஓடினாலும் பிசகாமலிருக்க நிரலிலேயே முழுப் பாதையைப் பயன்படுத்துங்கள்.

பயனர் மாறுவதால் வரும் இன்னொரு பிசகு, 'இசட்' போன்ற எழுத்து கொடுத்து இணைத்த நெட்வொர்க் டிரைவ். அந்த எழுத்து உங்கள் உள்நுழைவுக்கு மட்டுமே உரியது. சேவையாக ஓடும் நிரலுக்கு அது தெரியாது. இரட்டைப் பின்சாய்வில் தொடங்கும் சர்வர் பாதையை நேரடியாகக் கொடுங்கள். அந்தப் பகிர்வில் இரண்டு அடுக்கு அனுமதி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: பகிர்வின் அனுமதி ஒன்று, அதன் கீழுள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டின் கோப்பு அமைப்பு) அனுமதி ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும்.

டாக்குமெண்ட்ஸில்கூட எழுத முடியவில்லையே?

விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பில் வந்த 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயக்கத்தில் இருக்கலாம். கப்பம் கேட்கும் வைரஸ்களைத் தடுக்க வந்த இது, தனக்குத் தெரியாத நிரல் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றில் எழுதுவதை மறுக்கும். சில நிரல்களில் இது 'கோப்பு இல்லை' என்ற பொருந்தாத செய்தியாகக்கூட வெளிப்படுவதால் ஆளைக் குழப்பிவிடும்.

விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்ஷன்', அதன் அடியில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' என்று போய், நிரலை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். ஸ்கிரிப்ட் என்றால் சேர்க்க வேண்டியது பைத்தானின் இஎக்ஸ்இ கோப்பு. ஆனால் அதைச் சேர்த்தால் எல்லா பைத்தான் ஸ்கிரிப்டுகளுக்கும் கதவு திறந்துவிடும். தரவைக் காவலில் இல்லாத வேறு ஃபோல்டருக்கு மாற்றுவதே நல்லது.

வேறிடத்திலிருந்து நகர்த்திய கோப்புகள் மட்டும் தகராறு செய்கின்றன.

ஒரே டிரைவுக்குள் நகர்த்திய கோப்பு தன் பழைய அனுமதிகளைக் கூடவே கொண்டுவரும். பிரதியெடுத்த கோப்புதான் புதிய ஃபோல்டரின் அனுமதியை ஏற்கும். ஃபோல்டரில் 'ஐகேக்ல்ஸ்' கட்டளையை '/ரீசெட் /டி' என்ற தெரிவுகளோடு ஓட்டினால் உள்ளே உள்ள எல்லாம் மேல் ஃபோல்டரின் அனுமதிக்குத் திரும்பும். பழைய கணினியிலிருந்து கழற்றிய வட்டு என்றால் உரிமையாளரே அடையாளம் தெரியாத கணக்காக இருப்பார். முதலில் 'டேக்ஓன்' கட்டளையால் உரிமையை எடுத்துக்கொண்டு பிறகு இதைச் செய்யுங்கள்.

லினக்ஸில் கோப்புக்கு 666 கொடுத்திருக்கிறேன். இன்னும் ஏன் 13?

ஏனென்றால் கோப்பு வரை போய்ச் சேர வழி இல்லை. இந்த எண்ணின் மூன்று இலக்கங்களும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரின் உரிமைகள்; ஒவ்வொன்றும் 4 (படிக்க), 2 (எழுத), 1 (ஓட்ட அல்லது கடக்க) ஆகியவற்றின் கூட்டல். பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் உங்களுக்கு 'எக்ஸ்' உரிமை, அதாவது கடந்து போகும் உரிமை, இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண். 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால், வேரிலிருந்து கோப்பு வரை எல்லாப் படிகளின் உரிமையாளரையும் அனுமதியையும் ஒரே பட்டியலில் காட்டும். இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள கட்டளை இல்லை, ஆனால் ஏனோ யாரும் சொல்வதில்லை.

உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு உருவாகின்றன. முன்பு 755 ஆக இருந்தது. அதனால் ஹோமுக்குள் இருக்கும் தரவை வெப் சர்வர் பயனரால் தொட முடியாமல் போகிறது. தரவை ஹோமுக்கு வெளியே கொண்டுபோவதுதான் முறை.

இன்னொன்று: புதுக் கோப்பை உருவாக்குவது, அழிப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் ஃபோல்டரின் எழுதும் உரிமையைப் பொறுத்தவை, கோப்பின் உரிமையை அல்ல. கோப்பில் எழுத உரிமை இருந்தும் நிரல் தற்காலிகக் கோப்பு உருவாக்கிப் பெயர் மாற்றும் வகை என்றால், ஃபோல்டரில் உரிமை இல்லாமல் தோற்கும்.

லினக்ஸ் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வரிசையில் பார்த்து முதல் பொருத்தத்தோடு நின்றுவிடும். 464 அனுமதியுள்ள கோப்பில் குழுவினர் எழுதலாம், உரிமையாளரால் முடியாது. விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி.

777 கொடுத்தால் வேலை செய்கிறதே, விட்டுவிடலாமா?

கூடாது. அந்தக் கணினியில் ஓடும் எந்தக் கணக்கும் உங்கள் தரவை மாற்றலாம், அழிக்கலாம். வெப் சர்வரின் பதிவேற்ற ஃபோல்டரில் இப்படி விட்டால், அதே கணினியில் ஏதோ ஒரு சேவையில் புகுந்தவர் அங்கே ஸ்கிரிப்டை வைத்துவிட முடியும். போதாக்குறைக்கு, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) போன்றவை அனுமதி அதிகமாகத் தளர்ந்திருந்தால் சாவிக் கோப்பையே ஏற்க மறுக்கும். ஹோம் முழுவதற்கும் 777 கொடுத்துவிட்டு உள்நுழைய முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

777 வேலை செய்தது என்பது ஒரு தகவல்: தடை அனுமதி எண்களில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அதைக் குறித்துக்கொண்டு, உரிமையாளரைச் சரிசெய்து, ஃபோல்டருக்கு 755 அல்லது 750, கோப்புக்கு 644 அல்லது 640 என்று திரும்புங்கள்.

ஒருமுறை சூடோ போட்டு ஓட்டினேன். அதன்பின் சூடோ இல்லாமல் ஓட மறுக்கிறது.

சூடோ ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்காக, ஓட்டும். அந்த ஒருமுறையில் உருவான கோப்புகள், பதிவுகள், கேஷ் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. தரவு ஃபோல்டருக்கு வெளியே நின்று 'சூடோ சிஎச்ஓன் -ஆர்' கட்டளையில் உங்கள் பயனர் பெயர், முக்காற்புள்ளி, குழுப் பெயர், ஃபோல்டர் என்று கொடுத்துத் திருப்பி வாங்குங்கள். அடிப்பதற்கு முன் பாதையை இருமுறை படியுங்கள்; வேரில் அடித்துவிட்டால் கணினியை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

சூடோ போட்டும் '>' குறி வழியாகக் கோப்புக்குள் எழுத முடியவில்லை என்றால், கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), சூடோ அல்ல. வெளியீட்டைக் குழாய்க் குறி வழியாக 'சூடோ டீ' கட்டளைக்கு அனுப்புங்கள்.

பயனரைக் குழுவில் சேர்த்துவிட்டேன், மாற்றமே இல்லை.

வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். குழுப் பட்டியல் உள்நுழையும்போதே முடிவாகிவிடும். சேவை என்றால் அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

பலர் சேர்ந்து ஒரே ஃபோல்டரில் எழுத என்ன அமைப்பு நல்லது?

எல்லோரையும் ஒரு குழுவில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து, அனுமதியை 2775 ஆக வையுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் எல்லாவற்றையும் அதே குழுவில் சேர்க்கும். ஆனால் அது போதாது. பல அமைப்புகளில் யூமாஸ்க், அதாவது புதுக் கோப்பின் அனுமதியிலிருந்து நீக்க வேண்டியதைச் சொல்லும் எண், 022. அதன்படி புதுக் கோப்பு 644 ஆகப் பிறக்கும், குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. யூமாஸ்க்கை 002 ஆக்கினால் 664 ஆகும். ஒவ்வொருவரின் யூமாஸ்க்கையும் மாற்ற இயலாத இடத்தில் 'செட்எஃப்ஏசிஎல்' கொண்டு ஃபோல்டருக்கு இயல்புநிலை அனுமதிப் பட்டியல் அமைக்கலாம். 'எல்எஸ் -எல்' காட்டும் அனுமதி வரிசையின் கடைசியில் கூட்டல் குறி இருந்தால் அப்படியொரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. 'கெட்எஃப்ஏசிஎல்' அதை விரித்துக் காட்டும்.

ரூட்டாக ஓட்டியும் எழுத முடியவில்லை. இது எப்படிச் சாத்தியம்?

பல வழிகள் உண்டு. 'எல்எஸ்அட்டர்' கட்டளையில் 'ஐ' என்ற குறி தெரிந்தால் கோப்பு மாற்ற முடியாததாகப் பூட்டப்பட்டிருக்கிறது. 'சிஎச்அட்டர் -ஐ' அதை நீக்கும். பூட்டியவர் காரணத்தோடு பூட்டியிருக்கலாம், முதலில் விசாரியுங்கள்.

பிழை 30 என்றால் வட்டைப் பாருங்கள். எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஒரு கோப்பு அமைப்பு) வட்டில் கோளாறு கண்டால், பல அமைப்புகளில் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். 'டிமெசேஜ்' பதிவில் வட்டுப் பிழைகள் தெரிந்தால் அனுமதியை மறந்துவிட்டு, தரவைப் பிரதியெடுப்பதைப் பாருங்கள்.

நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் பகிர்வில் 'ரூட் ஸ்குவாஷ்' இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். உங்கள் ரூட் அங்கே யாரோ ஒரு அநாமதேயர்.

டெம்ப் ஃபோல்டரில் இன்னொருவர் உருவாக்கிய கோப்பைத் திறக்கப் போய் ரூட்டுக்கே 13 வந்தால், அது லினக்ஸ் கெர்னல் 4.19-இல் வந்த 'புரொடெக்டட் ரெகுலர்' என்ற பாதுகாப்பு. பொது ஃபோல்டரில் பிறர் வைத்த கோப்பை 'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற முறையில் திறப்பதை அது மறுக்கும். பாதுகாப்பை அணைக்காதீர்கள், டெம்ப்பில் நிலையான பெயர் வைப்பதை நிறுத்துங்கள்.

அனுமதி எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் சேவை மட்டும் எழுதவில்லை.

ஃபெடோரா, ரெட் ஹாட் வகை லினக்ஸ் என்றால், தடுப்பது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்காக இருக்கலாம். 'கெட்என்ஃபோர்ஸ்' கட்டளை 'என்ஃபோர்சிங்' என்று சொன்னால், 'ஏயூசர்ச் -எம் ஏவிசி' மறுப்புகளைக் காட்டும். 'எல்எஸ் -இசட்' கோப்பின் முத்திரையைக் காட்டும். வெப் சர்வர் எழுத வேண்டிய ஃபோல்டருக்கு எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி என்ற முத்திரை வேண்டும்: 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் விதியைப் பதிந்து, 'ரிஸ்டோர்கான் -ஆர்' ஓட்டினால் நிலைத்து நிற்கும். எஸ்இலினக்ஸை ஒட்டுமொத்தமாக அணைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சிஸ்டம்டி சேவை என்றால் அதன் அமைப்புகளைச் சொல்லும் யூனிட் கோப்பைப் படியுங்கள். 'புரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட்' இருந்தால் ஏறக்குறைய முழு வட்டும் அந்தச் சேவைக்குப் படிக்க மட்டும்; பிழை 30 வரும், ஆனால் உங்கள் டெர்மினலில் அதே இடத்தில் எழுத முடியும். 'ரீட்ரைட்பாத்ஸ்=' என்ற வரியில் தரவு ஃபோல்டரைச் சேருங்கள், அல்லது 'ஸ்டேட்டைரக்டரி=' என்று ஒரு பெயர் கொடுங்கள். பின்னதில், /வார்/லிப் கீழே சரியான உரிமையாளரோடு ஃபோல்டரை சிஸ்டம்டியே உருவாக்கித் தரும். பிறகு 'டீமன்-ரீலோடு' செய்து சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். 'பிரைவேட்டெம்ப்' இருந்தால் சேவை டெம்ப்பில் எழுதியது உங்கள் கண்ணுக்குப் படாது. அது தனிப்பட்ட ஒரு டெம்ப்.

டாக்கர் கன்டெய்னரிலிருந்து எழுதும்போது?

டாக்கர் ஒரு நிரலைக் கன்டெய்னர் என்ற தனித்த சூழலுக்குள் ஓட்டும். பயனர் பெயர்கள் இங்கே பொருளற்றவை, எண்கள்தான் கணக்கு. கன்டெய்னருக்குள் பயனர் எண் 1001 ஆகவும், வெளியே ஃபோல்டர் 1000-க்குச் சொந்தமாகவும் இருந்தால் 13 வரும். ஓட்டும்போது '--யூசர்' தெரிவில் உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுங்கள். 'ஐடி' கட்டளை அவற்றைச் சொல்லும். '-வி' மூலம் இணைக்கும் ஃபோல்டர் முன்பே இல்லாவிட்டால் டாக்கர் அதை ரூட் பெயரில் உருவாக்கிவிடும், எனவே முன்னதாக நீங்களே உருவாக்குங்கள். எஸ்இலினக்ஸ் உள்ள கணினியில் இணைப்பின் கடைசியில் ':இசட்' சேர்க்க வேண்டியிருக்கும்.

யூஎஸ்பி வட்டில் சிஎச்மாட் போட்டால் ஒன்றும் மாறுவதில்லை.

ஃபேட், எக்ஸ்ஃபேட் வட்டுகளில் யூனிக்ஸ் அனுமதிகளைப் பதிய இடமே இல்லை. மவுண்ட் செய்யும்போது கொடுக்கும் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), யூமாஸ்க் தெரிவுகளே எல்லாவற்றுக்கும் பொருந்தும். விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முறையில் அணைந்திருந்தால் அதன் என்டிஎஃப்எஸ் வட்டு லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும். விண்டோஸில் அந்த வசதியை நிறுத்தி முழுதாக அணையுங்கள். மேக் என்டிஎஃப்எஸ் வட்டைத் தானாகப் படிக்கும், எழுதாது.

மேக்கில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்கிறது.

மேக்ஓஎஸ் கேட்டலினா, அதாவது 10.15 முதல், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் தொட ஒவ்வொரு செயலியும் பயனரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒருமுறை 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டால் மறுபடி கேட்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', அதில் 'ஃபைல்ஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' போய் இயக்குங்கள். ஸ்கிரிப்டை டெர்மினலிலிருந்து ஓட்டினால் ஒப்புதல் வேண்டியது டெர்மினலுக்கு. எடிட்டருக்குள்ளிருந்து ஓட்டினால் எடிட்டருக்கு. மாற்றியபின் அந்தச் செயலியை மூடித் திறக்க வேண்டும்.

ஃபைண்டரில் 'லாக்டு' குறியிட்ட கோப்பும் இதே செய்தியைத் தரும். 'எல்எஸ் -எல்ஓ' கட்டளையில் 'யூசேஞ்ச்' என்று தெரிந்தால் 'சிஎச்ஃபிளாக்ஸ் நோயூசேஞ்ச்' நீக்கும்.

ஆண்ட்ராய்டில் அனுமதி வாங்கியும் எழுத முடியவில்லை.

பழைய 'ரைட் எக்ஸ்டெர்னல் ஸ்டோரேஜ்' அனுமதி, ஆண்ட்ராய்டு 11-ஐ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு அந்தப் பதிப்பு முதல் எந்தப் பலனும் தருவதில்லை. செயலியின் சொந்தத் தரவுக்கு 'கெட்எக்ஸ்டெர்னல்ஃபைல்ஸ்டிர்' தரும் இடம் போதும். அனுமதியே வேண்டாம், ஆனால் செயலியை நீக்கினால் தரவும் போகும். பயனர் வைத்துக்கொள்ள வேண்டிய கோப்புக்கு 'ஆக்ஷன் கிரியேட் டாக்குமெண்ட்' மூலம் அவரையே இடம் கேளுங்கள். டவுன்லோட்ஸில் எழுத ஆண்ட்ராய்டின் 'மீடியாஸ்டோர்' வசதியைப் பயன்படுத்துங்கள். செயலியை நீக்கி மறுபடி நிறுவினால், முன்பு அதே செயலி பொது இடத்தில் எழுதிய கோப்பும் அதற்கு அந்நியமாகிவிடும். அதே பெயரில் மேலெழுத முயன்றால் மறுக்கப்படும்.

எஸ்க்யூலைட் கோப்புக்கு உரிமை கொடுத்தும் 'ரீட்ஒன்லி டேட்டாபேஸ்' என்கிறது.

தரவுத்தளத்தை ஒரு கோப்பாக வைக்கும் எஸ்க்யூலைட், அந்தத் தரவுக் கோப்பின் பக்கத்திலேயே ஜர்னல் கோப்பையும், டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் பதியும்) முறையில் இன்னும் இரண்டு கோப்புகளையும் உருவாக்கும். ஆகவே ஃபோல்டரிலும் எழுதும் உரிமை வேண்டும். முன்பு ரூட் ஓட்டியபோது மிஞ்சிய துணைக் கோப்புகளின் உரிமையாளரையும் பாருங்கள். அவற்றை அழிக்க வேண்டாம். இன்னும் பிரதான கோப்பில் சேராத தரவு அவற்றில் இருக்கலாம்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்லிலிருந்து சிஎஸ்வி ஏற்றுமதி செய்ய முடியவில்லை.

கோப்பை எழுதுவது நீங்கள் அல்ல, தரவுத்தள சர்வர். போஸ்ட்கிரெஸின் 'காப்பி' கட்டளை சர்வர் கணினியில், சர்வரின் பயனராக எழுதும். உங்கள் ஹோமில் அதற்கு இடமில்லை. போஸ்ட்கிரெஸின் டெர்மினல் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்வு போட்ட '\காப்பி' உங்கள் பக்கத்தில், உங்கள் உரிமையில் எழுதும். பெரும்பாலும் வேண்டியது அதுதான். மைஎஸ்க்யூஎல்லில் பிழை 1290 வந்தால் 'செக்யூர்_ஃபைல்_பிரிவ்' மாறி எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அங்கே மட்டுமே 'இன்டு அவுட்ஃபைல்' எழுதும். ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் அது எழுதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுகிறேன். இப்போது மற்றவர்களால் படிக்க முடியவில்லை.

தற்காலிகக் கோப்புக்கான 'எம்கேஎஸ்டெம்ப்' செயற்கூறு உருவாக்கும் கோப்பின் அனுமதி 600. பெயர் மாற்றினாலும் அது அப்படியே தொடரும். பெயர் மாற்றுவதற்கு முன், பழைய கோப்பின் அனுமதியை எடுத்துப் புதியதற்கு வையுங்கள். தற்காலிகக் கோப்பு இறுதிக் கோப்பின் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும். வேறு வட்டில் இருந்தால் பெயர்மாற்றம் நடக்காது. விண்டோஸில், திறந்திருக்கும் 'நேம்டு டெம்பரரி ஃபைல்'-ஐ அதன் பெயரைக் கொண்டு மறுபடி திறந்தால் 13 வரும். பைத்தான் 3.12 முதல் 'டெலீட்_ஆன்_குளோஸ்' மதிப்பைப் பொய்யாக வைத்து, முதலில் மூடிவிட்டுப் பிறகு திறக்கலாம்.

எழுதுவதற்கு முன் ஓஎஸ்.ஆக்சஸ் கொண்டு சோதித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். விண்டோஸில் அது ரீட் ஒன்லி குறியைத்தான் பார்க்கும், முழு அனுமதிப் பட்டியலை அல்ல. மற்ற இடங்களிலும் சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவில் நிலை மாறலாம். நேரடியாக எழுதிப் பார்த்து, தோற்றால் பிழையைப் பிடிப்பதே சரி.

நீண்ட கணக்கீடு செய்யும் நிரல் என்றால், கணக்கைத் தொடங்கும் முன்பே வெளியீட்டு ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி அழித்துப் பாருங்கள். முடியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கடைசியில் தோற்றாலும் தரவை நினைவகத்தோடு இழக்காமல், நேரத்தைச் சேர்த்த வேறு பெயரில் பயனரின் ஹோமில் எழுதிவிட்டு, எங்கே எழுதினீர்கள் என்று முழுப் பாதையோடு சொல்லுங்கள். பிழைச்செய்தியில் பயனர் பெயர், முழுப் பாதை, மூல எண் மூன்றையும் சேருங்கள். வெறும் 'சேமிக்க இயலவில்லை' என்று மட்டும் காட்டினால், உதவ வருபவர் இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.